இல்லாத வெள்ளைக் கார்

பேரின்பநாதனிடம் கார் உதவி கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போனவர் கனடாவின் மொன்றியல் நகரில் ஒருவரும் இல்லை. விமான நிலையத்தில் ஆள் வந்து நிற்கிறதா, பிள்ளைப்பேற்று வலி வந்துவிட்டதா, தெருவோரம் யாரோ போட்டுவிட்டுப் போன நல்ல மெத்தை ஒன்றை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கார் வைத்திருந்த தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்குள் பெற்றோல் காசு வாங்காத ஆள் இவர் ஒருவர்தான். யாராவது நோட்டை நீட்டினால் மூக்கு நுனி சிவந்துவிடும். "உதைப் பொக்கற்றுக்குள்ளை வை, இல்லாட்டி இறங்கி நட" என்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் கைக்குழந்தையாய் இருந்த மகள் சாம்பவிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்த மனிதரும் முகம் சுளிக்காமல் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், நாலு பேருக்கு முன்னால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "நான் அண்டைக்கு ஏத்திக்கொண்டு போகாட்டி..." என்று தொடங்கிவிடுவார். பேரின்பநாதன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி நிற்க வேண்டும். நின்று நின்று வெறுத்துப்போய் இரண்டு முடிவு எடுத்தார். செய்ததை ஒருநாளும் சொல்லிக் காட்டுவதில்லை. ஒருவரிடமும் ஒருநாளும் கேட்பதில்லை. முதல் முடிவு அவருக்குப் பேரெடுத்துக் கொடுத்தது. இரண்டாவது என்ன செய்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய மனைவி கௌரிக்கு இந்தக் கார்ச் சேவையில் பாதிப் பெருமை, பாதி எரிச்சல். "உங்களுக்கு என்னைக் கட்டி வைச்சதுக்கு ஒரு வானைக் கட்டி வைச்சிருக்கலாம்" என்பாள். ஆனாலும் அவர் யாரையோ ஏற்றப் புறப்பட்டால் பின்னாலேயே வந்து, பனி சுரண்டுகிற கட்டையை மறந்தவர் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

அந்தக் கௌரியைத்தான் ஒரு காலை பக்கவாதம் குளியலறையில் விழுத்தியது. உயிர் தப்பியது. வலப்பக்கம் செத்துப்போனது. தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் சரளமாய்க் கதைத்த பிரெஞ்சு போய்விட்டது, ஆங்கிலமும் போய்விட்டது. தமிழில் மட்டும் கொஞ்சச் சொற்கள் எஞ்சியிருந்தன. வீடோ வில்லரேத் தெருவில் வெளிப்படி வைத்த இரண்டாம் மாடி. அந்தப் படியால் அவளை ஏற்றி இறக்க முடியவில்லை. பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தபோது இடம் கிடைத்தது இல்-பிசாரில். நகரத்தின் மேற்கு மூலையில், ஆற்றுக்கு நடுவே கிடக்கிற அமைதியான தீவு. பெரிய பெரிய தனி வீடுகள், மரங்கள். பஸ் மட்டும் அருமை.

"கார் இருக்கு, பிறகென்ன?" என்றார் பேரின்பநாதன்.

அன்றிலிருந்து மத்தியானமும் பின்னேரமும் அவருடைய பழைய சாம்பல் நிறக் கார் அந்தத் தீவின் பாலத்தைக் கடந்தது. கௌரி வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். குழையவிட்ட சோறும் பருப்பும் உறைப்பில்லாத கறியும் மிக்சியில் அடித்து, சூடு ஆறாத போத்தலில் ஊற்றி அவர் கொண்டுபோக வேண்டும். அவள் படுக்கையிலிருந்து பார்த்தால் யன்னலுக்கு வெளியே கார்கள் விடுகிற இடம் தெரியும். சாம்பல் கார் வந்து நின்றதும், "கார்" என்பாள். அவர் அறைக்குள் வந்ததும், "வந்திட்டியளோ" என்பாள். பிறகு வாய் திறக்கும். அவளைப் பார்த்துக்கொண்ட ஹெய்ட்டிப் பெண் மிர்லாந்த் அவருக்கு மிசியே மிடி, அதாவது மத்தியான ஐயா, என்று பெயரே வைத்துவிட்டாள். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்னால் அவர் அங்கே நிற்பார்.

இலையுதிர்காலத்தில் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. அவருடைய முகவர் ஸ்ரீதரன். மீசை அரும்பிய வயதில் ஒற்றைப் பையோடு விமான நிலையத்தில் நின்றவனைப் பேரின்பநாதன்தான் ஏற்றி வந்து, வேலை கிடைக்கும்வரை வீட்டுச் சோபாவில் படுக்கவிட்டார். இப்போது ஸ்ரீதரனுக்குச் சொந்த அலுவலகம், நரைத்த தாடி.

"அண்ணை, இந்தமுறை வாடகைக் காரையும் சேர்ப்பமே? கார் கராஜிலை கிடக்கிற நாளுகளுக்கு வாடகைக் கார்ச் செலவை இன்சூரன்ஸ் தரும். பெரிய காசில்லை, இரண்டு கோப்பிக் காசு."

"உனக்கென்ன விசரோ? எனக்கேன் வாடகைக் கார்?"

"நீங்கள் ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் ஓடுறனீங்கள். அக்காவுக்காகச் சொல்லுறன்."

பேரின்பநாதன் சிரித்தார். அன்றைக்கு என்ன சந்தோஷப் புழுகமோ, வாய் தவறிவிட்டது. "தம்பி, இந்த ஊரிலை பாதிச் சனம் என்ரை காரிலை ஏறினதுகள். எனக்கெண்டு ஒரு கார் கிடையாமல் போயிடுமோ?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருடம் காத்த விரதம் முறிந்துவிட்டது. அதுவும் யாரிடம்? தானே ஏற்றி வந்த பெடியனிடம். "அதை விடு, மற்றதெல்லாம் பழையபடி போடு" என்று அவசரமாய்த் தொலைபேசியை வைத்தார். வாடகைக் கார் வேண்டுமா வேண்டாமா என்று அவர் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று நாலு கிழமை இருக்கையில் உறைமழை கொட்டியது. விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டி. கம்பிகள் அறுந்து பாதி நகரம் இருட்டில் கிடந்தது. வில்லரேத் தெருவில் அவருடைய வீட்டுக்கு முன்னால் நின்ற கிழட்டு மேப்பிள் மரம், பாரம் தாங்காமல் ஒரு பெரிய கிளையை முறித்துச் சாம்பல் காரின் மேல் போட்டது. கூரை அமுங்கி, முன் கண்ணாடி நொறுங்கிப் போயிற்று. கராஜ்காரன் கையை விரித்தான். ஊர் முழுக்க மரம் விழுந்த கார்கள், சாமான் வர வேண்டும், கிழமைக்கணக்காகும் என்றான்.

செய்தி கேட்டு ஸ்ரீதரன் உடனே அழைத்தார். "திருத்திற செலவு முழுக்க வரும் அண்ணை, கவலைப்படாதேங்கோ. வாடகைக் கார்தான் இல்லை. ஆனால் என்ரை மனுசியின்ரை கார் சும்மாதான் நிக்குது. கார்த் திறப்பைக் கொண்டந்து தாறன்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருக்கு அந்தச் சொல் வரவில்லை. பாதிச் சனம் என் காரில் ஏறியது என்று இதே ஆளிடம் வீரம் பேசியாயிற்று. இப்போது திறப்பை வாங்கினால், அந்த நாளில் ஏற்றி வந்ததற்கு இன்றைக்குக் கூலி வாங்கியதுபோல் ஆகிவிடாதா? ஏற்றிய எல்லாரையும் கடன்காரர் ஆக்கிவிடாதா? இப்படித்தான் ஓடியது அவர் புத்தி.

"வேண்டாமடா தம்பி. சாம்பவி எனக்கொரு கார் ஒழுங்கு பண்ணிப் போட்டாள்" என்றார்.

அடுத்து சாம்பவி வன்கூவரிலிருந்து அழைத்தாள். "அப்பா, காருக்கு என்ன செய்யப்போறியள்? நான் இஞ்சையிருந்து ஒண்டு வாடகைக்கு எடுத்துவிடட்டோ?" அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு.

"தேவையில்லைப் பிள்ளை. இன்சூரன்ஸ்காரன் கார் தந்திட்டான்."

"மெய்யே? என்ன கார்?"

அவர் அப்போது தெருவோரம் டாக்சிக்கு நின்றார். எதிரே சிவப்பு விளக்கில் ஒரு கார் நின்றது. "வெள்ளைக் கார். புதுசு. இருக்கிற சீற்றுக்குக் கீழையும் சூடு வருது" என்றார். சாம்பவிக்குப் பெரிய நிம்மதி. அதற்குப் பிறகு அழைக்கும்போதெல்லாம் அந்தக் காரையும் நலம் விசாரித்தாள். அம்மாவையும் ஒருநாள் உதிலை இருத்தி ஒரு சுத்து ஓடுங்கோவன் என்றாள். ஓடுவம், ஓடுவம் என்றார் அவர்.

இரண்டு வீடு தள்ளி இருந்த றஜிந்தன் பிறந்ததே, பனிப்புயலில் அவனுடைய தாயைப் பேரின்பநாதன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போன இரவில்தான். அவனுடைய கார் வாசலிலேயே நிற்கும், அவனுக்கு வேலையும் வீட்டிலிருந்தே. காலையில் பையும் போத்தலுமாய் நடந்து போகிறவரைக் கண்டு, "எங்கை அங்கிள் நடையிலை?" என்று கேட்டான். "தெருவெல்லாம் கொப்பு வெட்டுறாங்களெல்லே, இன்சூரன்ஸ் தந்த காரைப் பின்தெருவிலை விட்டிருக்கிறன்" என்றார். அவனும் நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான்? அந்த மனிதர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

டாக்சி இருக்கிறதே என்று கேட்பீர்கள். முதல் சில நாள் டாக்சியில்தான் போனார். ஓய்வூதியம் அதைத் தாங்கவில்லை. பிறகு மெற்றோ ரயில், அதற்குப் பிறகு பியர்பொன்ட்ஸ் பக்கம் போகிற ஒரு பஸ், அங்கிருந்து தீவுக்குள் போகிற இன்னொரு பஸ். ஒன்று பிந்தினால் மற்றது தவறும். விடியவே சமைத்து எவ்வளவு வெள்ளென இறங்கினாலும் பாதி நாள் அவர் போய்ச் சேரும்போது சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பின்னேரம் போவது அடியோடு நின்றுவிட்டது.

பிந்திப் போவதைவிட அவரை நோகடித்தது வேறொன்று. அறைக்குள் போய், பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்தாலும் கௌரி அவரைப் பார்க்காமல் யன்னலையே பார்த்தாள். "கார்" என்றாள். "கராஜிலை நிக்குதம்மா, நான் வந்திட்டன்" என்றார். "கார்" என்றாள் மறுபடி. சாம்பல் கார் வரவில்லை, ஆகவே அவரும் வரவில்லை. அவள் கணக்கு அதுதான். வந்திட்டியளோ என்று அவள் கேட்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் வாய் பாதி திறந்தது, பிறகு அதுவும் இல்லை. அவர் அந்த அறையிலேயே கண்ணீர் விட்டு அழுதார். அழுதுவிட்டுப் பஸ் பிடிக்க எழும்பினார்.

நாளுக்கு நாள் மெலிந்தாள். இருமல் தொடங்கியது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இந்த நோயாளிகளுக்கு வழமையாக வருவதுதான் என்றார் டொக்டர்.

சித்திரை முதல் நாள் பேரின்பநாதன் சர்க்கரைப் பொங்கலை மெத்தென்று அடித்து எடுத்துக்கொண்டார். வருடப்பிறப்புக் கைவிசேஷமாக வெற்றிலையில் ஒரு நாணயத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கலியாணமான வருடத்திலிருந்து அவளுக்கு முதல் கைவிசேஷம் அவர் கையால்தான். பியர்பொன்ட்ஸில் இறங்கும்போது தீவுப் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததற்கு நிற்கையில் தொலைபேசி அடித்தது. மிர்லாந்த். "மிசியே மிடி, கெதியாய் வாருங்கோ" என்று பிரெஞ்சில் சொன்னாள். கௌரி மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறாள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

டாக்சிக்கு அடித்தார். வருகிறது, வருகிறது என்றார்கள். றஜிந்தனின் இலக்கத்தை எடுத்தார். எடுத்து, பார்த்துக்கொண்டு நின்றார். வருடப்பிறப்பு நாள், பெடியன் குடும்பத்தோடு கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம், இங்கே வந்து சேரவும் நேரமாகும் என்று மனதுக்குள் சாட்டுத் தேடினார். அப்போதும் அவருக்குக் கேட்க வரவில்லை. கடைசியில் பஸ்தான் முதலில் வந்தது.

அவர் போனபோது மிர்லாந்த் அறை வாசலில் நின்றாள். அவளும் அழுதிருந்தாள். கௌரியின் முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது, யாரும் அதை நேராக்கவில்லை. பேரின்பநாதன் கட்டிலோரம் இருந்து, வெற்றிலையோடு நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாய் மடித்தார். "வந்திட்டன், கௌரி" என்றார். பொங்கல் போத்தல் பைக்குள் இன்னும் சூடாய் இருந்தது.

செத்தவீட்டு மண்டபம் கொள்ளாத சனம். அவர் ஏற்றி வந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும். வாகனம் விடுகிற இடத்தில் இடமில்லாமல் தெரு நீளத்துக்குக் கார்கள் நின்றன. வன்கூவரிலிருந்து வந்திருந்த சாம்பவி, எல்லா அலுவலையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தவள், ஸ்ரீதரனைக் கண்டதும் ஒரு பக்கம் கூப்பிட்டாள்.

"அங்கிள், இன்சூரன்ஸ் தந்த அந்த வெள்ளைக் காரைத் திருப்பிக் குடுக்க வேணுமெல்லே? வாசல்லையும் இல்லை, திறப்பையும் காணேல்லை. அப்பாவைக் கேட்டால் ஒண்டும் சொல்லுறாரில்லை."

"எந்தக் கார் பிள்ளை?"

"வாடகைக் கார். நீங்கள்தானே எடுத்துக் குடுத்தனீங்கள்?"

ஸ்ரீதரனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அண்ணை அதைச் சேர்க்கவே இல்லையே. நான் என்ரை காரைத் தாறனெண்டும் கேட்டனான். நீ ஒழுங்கு பண்ணிப் போட்டாய் எண்டல்லோ சொன்னவர்."

"நானோ?"

பக்கத்தில் பூமாலைகளோடு நின்ற றஜிந்தன் மெல்லச் சொன்னான். "எனக்குப் பின்தெருவிலை நிக்குதெண்டு சொன்னவர், அக்கா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மண்டபத்தின் முன்னால், பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்த மனிதரைப் பார்த்தார்கள். சாம்பவி போய் அவர் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

"எதிலையப்பா அம்மாட்டைப் போனனீங்கள்?"

"பஸ்ஸிலை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

அவள் கையைப் பொத்தி அவருடைய முழங்காலில் ஓங்கிக் குத்தினாள். குத்திய அதே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஸ்ரீதரன் பின்னால் வந்து நின்றார். அவருக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒரு சொல்லண்ணை. ஒரேயொரு சொல்லு. நான், நீயெண்டு அடிபட்டுக்கொண்டு வந்திருப்பமே" என்றார். விறுவிறென்று வெளியே போய்விட்டார்.

பேரின்பநாதன் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் ஒருநாள் தன் காருக்குள் இருந்த முகம். இவர்களில் ஒருவராவது சொல்லிக் காட்டியிருப்பார்களா? ஒருவரும் மாட்டார்கள். எப்போதோ சொல்லிக் காட்டிய ஒரேயொரு மனிதருக்குப் பயந்து இத்தனை பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோமே என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன, கௌரி பெட்டிக்குள் கிடந்தாள்.

கோடை வந்து கார் திருத்தி வந்தது. புதுக் கூரை, புதுக் கண்ணாடி. கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டினார். மேற்குப் பக்கம் மட்டும் திருப்பவில்லை.

இலையுதிர்காலத்தில் ஸ்ரீதரன் அழைத்தார். புதுப்பிக்கும் நாள். ஒவ்வொன்றாய் வாசித்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தைத் தாவிப் போனது பேரின்பநாதனுக்குத் தெரிந்தது.

"வாடகைக் காரை நீ கேக்கேல்லையே."

"எப்பிடி அண்ணை நான் அதைக் கேக்கிறது?"

"சேர்."

"ஓம் அண்ணை."

"இனி அவசரமாய்ப் போறதுக்கு எனக்கொரு இடமும் இல்லை. எண்டாலும் சேர்."

ஸ்ரீதரன் எழுதிக்கொண்டார். அலுவல் முடிந்துவிட்டது, ஆனால் இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை.

"ஸ்ரீ."

"சொல்லுங்கோ அண்ணை."

"உன்னட்டை ஒண்டு கேக்க வேணும்."

ஸ்ரீதரன் பேனையைக் கீழே வைத்தார். இந்த மனிதரைத் தெரிந்த காலத்தில் இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"இந்த வருஷம் காலமான ஆக்களுக்கு இல்-பிசாரிலை ஒரு நினைவுக் கூட்டம் வைக்கினமாம். வாற ஞாயிறு. மிர்லாந்த் போன் அடிச்சுச் சொன்னவள். என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியோ?"

"ஏனண்ணை, கார் பிழையே?"

"கார் நல்லாய் நிக்குது. வாசல்லைதான் நிக்குது. எனக்குத்தான் அந்தப் பாலத்தைத் தனியக் கடக்கேலாமல் கிடக்கு."

"நான் வாறன். எத்தினை மணிக்கண்ணை கூட்டம்?"

"கூட்டம் இரண்டு மணிக்கு" என்றார் பேரின்பநாதன். "ஆனால் பன்னிரண்டுக்கு முதல் போவம் தம்பி. என்ரை காரிலையே போவம். அவள் பாத்துக்கொண்டு இருப்பாள்."